ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றமும், அதே கல்வியாண்டில் தொடங்கப்பட்ட கலைத் திருவிழாவும் வரவேற்கத்தக்க திட்டங்கள். முன்னதில் கருத்தாளர்கள் கருவிகளோடு பள்ளிக்கு வந்து பிள்ளைகளைத் தம் கையாலேயே சோதனை செய்ய வைக்கிறார்கள். பின்னதில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளைகள் படிப்படியாக மேடையேறுகிறார்கள். ஆனால் இவ்விரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியே நடந்துவருகின்றன. அறிவியலும் கலையும் சேர்ந்து கையாண்டால் மட்டுமே முழுமையாக விளங்கக்கூடிய ஒரு பாடப்பொருள் உண்டு. மனிதர் எப்படிப் பார்க்கிறார், எப்படிக் கேட்கிறார், தொட்டதை எப்படி உணர்கிறார் என்பதுதான் அது. இதனைப் பள்ளியின் ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே அறையில் சேர்ந்து நின்று நடத்த வேண்டும் என்பதையே, தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளிக் கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இப்போது புலன்கள் பற்றிய பாடம் எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படமாக வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்கிறோம். விழித்திரை, விழிலென்ஸ், பார்வை நரம்பு என்று அம்புக்குறி போட்டுவிட்டால் முழு மதிப்பெண். அந்தப் படத்தைக் கோணலாக வரைந்த பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைவதும் உண்டு. ஆனால் படம் வரைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் தன் கண் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளை ஒரு கணமும் கவனித்திருக்காது. மறுபுறம், ஓவியப் பாடவேளை என்பது காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ கைமாறிவிடும் வேளையாகவே பல பள்ளிகளில் இருக்கிறது. ஓவிய ஆசிரியர் பகுதிநேரப் பணியாளராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

குருட்டுப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது என்பது பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடும் செய்தி. பிரான்ஸில் எட்மே மாரியோட் 1660களில் இதனைக் கண்டறிந்து சொன்னபோது, அதைக் கேட்டவர்கள் தாமும் செய்துபார்த்து வியந்தார்கள். அந்த வியப்பை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு வெள்ளைத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். தாளின் இடப்புறம் ஒரு கூட்டல் குறி; அதிலிருந்து 8 செ.மீ. வலப்புறம் தள்ளிக் கொண்டைக்கடலை அளவில் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே பார்த்தபடி, கை நீளத்துக்குப் பிடித்த தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் புள்ளி காணாமல் போகும். இன்னும் நெருங்கினால் திரும்ப வரும். பெரும்பாலான ஆசிரியர்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் வகுப்பு இங்கேதான் தொடங்க வேண்டும்.

அந்தப் புள்ளியின் ஊடாக நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தால், புள்ளி மறையும்போது அந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை. சிவப்புக் கோடு அறுபடாமல் நேராகச் செல்வதாகவே தோன்றும். அங்கிருந்து ஒளிச்செய்தி எதுவும் வராத நிலையிலும், சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறது. இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியர் ஒதுங்கி நின்று ஓவிய ஆசிரியருக்கு வழிவிட வேண்டும். ஒரு பிள்ளை கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருக்கும் பிள்ளை பென்சில் முனையைப் பல திசைகளிலிருந்தும் நகர்த்தி, முனை எங்கே மறைகிறது, எங்கே மீண்டும் தெரிகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே வரலாம். குறிகளைச் சேர்த்தால் செங்குத்தாகச் சற்று நீண்ட முட்டை வடிவம் ஒன்று கிடைக்கும். தன்னால் பார்க்க முடியாத இடத்தின் வரைபடத்தை அந்தப் பிள்ளை தன் கண்ணைக் கொண்டே வரைந்திருக்கிறது. வகுப்பில் உள்ள அத்தனை பேரின் வரைபடங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டினால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். (ஆக்டோபஸின் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரையின் பின்புறமாகச் செல்வதால் அதற்குக் குருட்டுப் புள்ளியே இல்லை என்ற செய்தியை அப்போது சொன்னால், அது மனப்பாடச் செய்தியாக இருக்காது.)

இத்தகைய கற்பித்தலுக்கு உலக அளவில் முன்னோடியாக விளங்குவது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள எக்ஸ்ப்ளோரடோரியம். அதனை 1969இல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. 1949இல் அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்த அவர், கொலராடோவில் பல ஆண்டுகள் மாடு வளர்த்துப் பிழைத்தார். பிறகு அங்குள்ள சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியரானார். பள்ளிப் பிள்ளைகளோடு பழகிய அந்த அனுபவத்தோடுதான் அருங்காட்சியகம் அமைக்க வந்தார். ராக்கெட்டையோ அணு உலையையோ மையமாக வைக்காமல், மனிதப் புலனுணர்வை மையமாக வைத்து அதைத் தொடங்கினார் என்பதுதான் நமக்குப் பாடம். வருகிறவர் யாராக இருந்தாலும் கண்ணும் காதும் கையும் கொண்டுவருவார். ஆகவே ஆய்வுக்கருவியில் பாதி அவரிடமே இருக்கிறது. கலைஞர்களை அவர் அலங்காரத்துக்காக அழைக்கவில்லை; உலகை உற்று நோக்குவதில் அறிவியலாளருக்கு நிகரான உழைப்பாளிகள் என்று கருதி, அங்கேயே தங்கிக் காட்சிப்பொருள்களை உருவாக்கச் செய்தார். வருவோருக்கு விளக்கிச் சொல்லும் பணியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே அமர்த்தினார். 2013இல் அந்நகரின் கடற்கரைத் துறைமுக மேடைக்கு இடம்பெயர்ந்த பிறகும் அந்நிறுவனம் இந்த வழியிலிருந்து விலகவில்லை.

நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. நம்மிடம் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தினாலே போதும். நான் வசிக்கும் கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த ஐராவதேசுவரர் கோயிலில், ரிஷபமும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும். கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் முடிவதில்லை. காளை தெரியும் கணத்தில் யானை விலகிவிடுகிறது, யானை தெரியும் கணத்தில் காளை விலகிவிடுகிறது. கல்லில் ஒரு கோடும் மாறவில்லை என்பதால், மாறியது பார்ப்பவருக்குள்தான் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். 1892இல் ஒரு ஜெர்மன் நகைச்சுவை இதழில் வெளியான வாத்து–முயல் படத்தை ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற உளவியலாளர் 1899இல் எடுத்துக்காட்டியதிலிருந்து, உளவியல் பாடநூல்கள் இந்த உண்மையை விளக்க அந்தப் படத்தையே அச்சிட்டுவருகின்றன. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சுற்றுலாவாகத் தாராசுரம் வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் வழிகாட்டி அந்தச் சிற்பத்தைக் காட்டி, ‘பாருங்கள், அந்தக் காலத்துச் சிற்பியின் கைவண்ணம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறாரே, உடன் வரும் அறிவியல் ஆசிரியர் அங்கே ஐந்து நிமிடம் அவர்களை நிறுத்திவைத்தால் என்ன? காளையும் யானையும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகின்றன, முதலில் எது தெரிந்தது, விரும்பியபோது மாற்ற முடிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அதுவே ஒரு ஆய்வு. ஓவிய ஆசிரியர் அந்தத் தலையை மட்டும் வரையச் சொல்லிவிட்டு, எந்த உடலை வரைவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

நிறத்தைப் பற்றிய பகுதியில்தான் இரு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் மிகவும் நாடவேண்டியிருக்கும். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824 முதல் பொறுப்பேற்றிருந்த மிஷேல் செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் போதிய அளவு கறுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்ததில் குறையேதும் இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நிறத்தால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது என்று அவர் கண்டுகொண்டார். அந்த ஆராய்ச்சியை விரிவாக எழுதி 1839இல் அவர் வெளியிட்டது பின்னாளில் ஜார்ஜ் சூரா போன்ற ஓவியர்களுக்கு வழிகாட்டியது. வேதியியலாளர் ஒருவர் நெசவாலையில் கண்டது ஓவியருக்குப் பயன்பட்ட கதை இது. நம் பட்டுக் கடைகளில் ஒரே கடுகு மஞ்சள் கரை அரக்குச் சேலையில் ஒருவிதமாகவும் இலைப்பச்சைச் சேலையில் வேறுவிதமாகவும் தெரிவதை வாங்க வருபவர்கள் பார்க்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தொழில் அறிவு. ஒரே வண்ணத்தாளிலிருந்து வெட்டிய இரண்டு சிறு சதுரங்களை வெவ்வேறு நிறத் தாள்களின் நடுவில் ஒட்டிப் பார்த்தால் பள்ளியிலும் அது தெரியும். இரண்டும் ஒரே தாளிலிருந்து வெட்டப்பட்டவை என்று சொன்னால் நம்ப மறுக்கும் பிள்ளைகளே அந்த வகுப்பின் நல்ல மாணவர்கள்.

வெளிச்சம், நிழல் பற்றியும் இதையே சொல்லலாம். வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் மேசைமேல் இருக்கும் வெள்ளைத்தாளிலிருந்து வரும் ஒளியைவிட அதிகம். ஆனாலும் கரி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவுமே தெரிகிறது, ஏனெனில் மூளை வெளிச்சத்தின் அளவைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மதிப்பிடுகிறது. வாழ்க்கைக்கு இது பெரிய உதவி. ஓவியம் பழகும் பிள்ளைக்கோ பெரிய இடைஞ்சல். நிழலில் காயும் வேட்டியை வெள்ளையாகவே தீட்டுகிற பிள்ளையிடம் ‘நன்றாகப் பார்’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இல்லை. கறுப்புச் சார்ட் பேப்பரை விரல் தடிமனில் குழாயாகச் சுருட்டி, அதன் வழியே வேட்டியின் ஒரு சிறு பகுதியை மட்டும் பார்க்கச் செய்தால், சுற்றுப்புறம் மறைந்து, அது நீலச் சாம்பல் நிறமாக இருப்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். எட்வர்ட் ஏடல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம், நிழலில் உள்ள வெளிர்க் கட்டமும் வெளிச்சத்தில் உள்ள கருங்கட்டமும் ஒரே சாம்பல் நிறம் என்பதைக் காட்டி இணையத்தில் பலரைத் திகைக்க வைத்தது. அந்தக் குழாயை வைத்துக்கொண்டு அப்படத்தைப் பார்த்தால் திகைப்பும் தீரும், காரணமும் விளங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறம் பற்றிய வகுப்பு நடக்கும்போது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கக்கூடும். அதற்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது மிகுதி. மரத்தண்டைப் பச்சையாகத் தீட்டியதற்காக அடி வாங்கிய பையன்கள் நம் ஊர்ப் பள்ளிகளில் இருந்திருக்கிறார்கள். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனே 1794இல் தன் நிறப் பார்வைக் குறையைத் தானே ஆராய்ந்து கட்டுரை படித்தவர். அவர் மறைவுக்குப் பின் பாதுகாக்கப்பட்ட கண்ணின் மரபணுவை 1995இல் சோதித்து, குறை எந்த வகையைச் சேர்ந்தது என்றும் உறுதி செய்தார்கள். அத்தகைய பிள்ளை இருப்பது தெரியவந்தால் அதை வகுப்பில் வேடிக்கைப் பொருளாக்காமல், பெற்றோரிடம் தனியே சொல்லவும், எழுதுபலகையில் சிவப்புச் சுண்ணாம்புக் கட்டியைத் தவிர்க்கவும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். எதிர்காலத்தில் ரயில் ஓட்டுநர் தேர்வு வரை சென்று மருத்துவப் பரிசோதனையில் அதிர்ச்சி அடைவதைவிட, 12 வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். மற்றப் புலன்களுக்கும் செலவு அதிகமில்லை. நடுவிரலை ஆட்காட்டி விரலின் மேல் குறுக்காகப் போட்டு, இரு நுனிகளுக்கும் இடையில் ஒரு பட்டாணியை உருட்டினால் இரண்டு பட்டாணிகளாகத் தோன்றுவது அரிஸ்டாட்டில் காலத்திலேயே அறியப்பட்டது. ஒரே எடை கொண்ட பெரிய டப்பாவையும் சிறிய டப்பாவையும் தூக்கிப் பார்த்தால் சிறியதுதான் கனமாகத் தோன்றும். தராசில் வைத்துக் காட்டிய பிறகும் அப்படியே தோன்றும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் இரு முனைகளையும் இரு காதருகே வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் குழாயின் நடுப்பகுதியை நண்பர் பென்சிலால் தட்டினால், நடுவிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித் தட்டும்போதே இடமா வலமா என்று சொல்லிவிடலாம். இரு காதுகளையும் ஒலி வந்தடையும் நேர வேறுபாடு ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் சில பங்குதான்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் நரம்பியல் ஆய்வாளராக விளங்கும் வி.எஸ். ராமச்சந்திரனின் பெயரை இந்த இடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கையை இழந்தவர்கள் இல்லாத கையில் வலியை உணர்வதைத் தணிக்க, சாதாரணக் கண்ணாடி பொருத்திய பெட்டி ஒன்றை அவர் 1990களில் பயன்படுத்தினார். அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில், வளைந்த வடிவம் ஒன்றையும் கூரிய முனைகள் கொண்ட வடிவம் ஒன்றையும் காட்டி, எது ‘பூபா’, எது ‘கிகி’ என்று கேட்டதற்கு, அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுவோரும் ஒரே விதமாக, வளைந்ததைப் பூபா என்றும் கூரியதைக் கிகி என்றும் சொன்னதாகக் குறிப்பிட்டார்கள். 25 மொழிகளைப் பேசுவோரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலும் பெரும்பாலோர் இதே விடையையே தந்தார்கள். ஆனால் ருமேனியம், துருக்கி, மாண்டரின் சீனம் பேசுவோரிடம் அந்தப் போக்கு தெளிவாக வெளிப்படவில்லை. இந்த இரண்டாவது செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் விதிவிலக்கை மறைத்துச் சொல்வது அறிவியல் ஆகாது. பிறகு பிள்ளைகளே புதிய வடிவங்களை வரைந்து, புதிய ஒலிகளைக் கூட்டி, தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் கேட்டு அட்டவணை போடட்டும்.

இவற்றையெல்லாம் ‘கண்கட்டு வித்தை’ நிகழ்ச்சியாக நடத்திக் கைதட்டு வாங்கிவிடும் ஆபத்து இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டு விழாவில் மாயத்தோற்றப் படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்காட்டுவதால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது, கண் ஏமாற்றும் என்ற பொத்தாம்பொதுவான எண்ணம் ஒன்றுதான். கண் ஏமாற்றுவதில்லை, அன்றாடம் நமக்கு உதவும் அதே வழிமுறை, நாம் அமைத்த விசேஷமான சூழலில் மட்டும் தவறான விடையைத் தருகிறது. இது விளங்க வேண்டுமானால் வரிசை முக்கியம்: முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததை வரையவோ எழுதவோ வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு வாதாட வேண்டும், விளக்கம் கடைசியில்தான் வர வேண்டும். விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. மாதத்துக்கு ஒருமுறை, வானவில் மன்றச் செயல்பாடு நடக்கும் பாடவேளையோடு ஓவியப் பாடவேளையை அடுத்தடுத்து அமைத்து, இரு ஆசிரியர்களும் ஒன்றாக இருக்கும்படி கால அட்டவணை போடலாம். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு, அவர் உள்ள அருகமைப் பள்ளியிலிருந்து அன்று ஒருநாள் மட்டும் அவரை அனுப்பலாம். அதற்கான பயணப்படியையும் மறக்காமல் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இரு பிரிவு ஆசிரியர்களையும் சேர்த்து உட்காரவைத்து, அவர்களையே இந்தச் சோதனைகளைச் செய்துபார்க்கச் சொல்லலாம். கலைத் திருவிழாவின் போட்டிப் பட்டியலில், இரு மாணவர்கள் சேர்ந்து ஒரு புலன் சோதனையை வடிவமைத்து, வருவோரைச் செய்யவைத்து, கிடைத்த விடைகளைச் சுவரில் பதிவு செய்யும் போட்டி ஒன்றைச் சேர்க்கலாம்; நடுவர்களில் ஒருவர் ஓவியராகவும் ஒருவர் அறிவியலாளராகவும் இருப்பது அவசியம். மாநில அளவில் தேர்வாகும் காட்சிப்பொருள்களை, சென்னைக் கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திலும் திருச்சி அண்ணா அறிவியல் மையத்திலும் கோடை விடுமுறை முழுவதும் வைத்து, அவற்றைச் செய்த பிள்ளைகளையே விளக்குநர்களாக அமர்த்தி, ஊக்கத்தொகையும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.